முப்பத்து மூன்று நாள் லேக்

பழமலையை எரித்துவிட்டு வந்து, சுமந்தவர்களெல்லாம் தலைமுழுகி, அவரவர் வீட்டுக் கொடியில் ஈர வேட்டி சொட்டிக்கொண்டிருந்த அதே சாயங்காலம், அவன் வழக்கம்போல ஐந்தரை மணிக்கு விளையாட வந்துவிட்டான்.

முதலில் பார்த்தவன் கறிக்கடை அருளப்பன். அன்றைக்குக் கடை கிடையாது. பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தவன், கூட்டாளியின் நினைவு தாங்காமல் போனை எடுத்து, அவர்கள் நாலு பேராகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டுக்குள் போனான். எந்நேரம் போனாலும் திறந்து கிடக்கிற தீவு அது. அங்கே பழமலையின் ஆள், நீலச் சட்டையும் முதுகுப் பையுமாக, தென்னைமரத்தடியில் முப்பத்து மூன்று நாளாக நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தான். ஒரு பெரிய மழையில் தெருமுனைக் கேபிள் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதிலிருந்து பழமலை வீட்டு இன்டர்நெட்டுக்கு லேக் என்கிற தாமதம் பிடித்துக்கொண்டது. அவன் வீட்டில் உட்கார்ந்து விரல் தேயத் தேய்த்தாலும் தீவில் ஒன்றும் நடக்காமல், முன்பின் தெரியாத ஆட்டக்காரர்கள்கூட 'பழமலைக்கு வலது பக்கம் ரெண்டு பேர் ஒளிஞ்சிருக்கானுங்க' என்று அவனை அடையாளம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அவன் அங்கே ஊன்றிப் போயிருந்தான். அந்தப் பழமலைதான் இப்போது தோளைக் குலுக்கிக்கொண்டு, ரெண்டு எட்டு முன்னால் வைத்து, தொண்டையைச் செருமினான்.

"அருளு, கேக்குதா? லேக் அடிக்குதுடா."

"கேக்குது மாப்ள," என்றான் அருளப்பன், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான், மத்தியானம் அந்த மாப்பிள்ளையின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் தானும் ஒருவன் என்பது நினைவுக்கு வந்தது. போனைக் கல்லாமேல் வைத்தான். கையைக் கழுவினான். வெளியூர் போன ஆள் போய்ச் சேர்ந்ததாகச் சேதி அனுப்பினால் வீட்டில் போய்ச் சொல்லவேண்டாமா, அந்த மாதிரி நடந்துபோய் பழமலையின் மனைவி தையல்நாயகியிடம் சொன்னான்.

"தங்கச்சி, மாப்ள விளையாட வந்துருக்கான்."

அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் அவனுடைய போன் அணைந்து கிடந்தது.

"என்ன சொல்றாரு?"

"லேக் அடிக்குதுங்குறான்."

அவன்தான், சந்தேகமில்லை என்று அவள் தலையாட்டினாள்.

இந்தக் கதை நடந்தது அரியலூருக்குத் தெற்கே, சிமெண்ட் லாரிகள் போய்ப் போய் வேப்ப இலைகூட வெள்ளையாகிப்போன சாலையை ஒட்டிய காட்டாமணக்குத் தெருவில். அங்கே பழமலைக்குச் சுண்ணாம்புச் சுரங்கத்து எடைமேடையில் லாரி எடைபோடும் வேலை. காலை ஷிப்டு முடிந்து வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், தூங்குவான், ஐந்தரைக்கு எழுந்து போனோடு உட்கார்ந்தால் ஏழரைக்கு எழுந்திருப்பான். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். பிள்ளை இல்லை. தையல்நாயகியின் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அங்கே ரெண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, இந்தப் புழுதியைத் தின்றுகொண்டு ஏன் கிடக்கிறீர்கள் என்று ரெண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போகலாமா என்று தையல்நாயகி கேட்கும்போதெல்லாம் பழமலை சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆட்டம் முடியட்டும்.

அவன் செத்த சாயங்காலமும் மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அவள் பையில் நாலு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு, அறை வாசலில் நின்று, ஒரேயடியாகக் கேட்டாள்: "நான் அக்காகிட்ட போறேங்க. போன்னு சொன்னாலும் சரி, இருன்னு சொன்னாலும் சரி. இன்னிக்காச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க." அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் வாய் அசைந்தது. நெடுநேரம் அசைந்தது. மழை இரைச்சலில் ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை. விளையாட்டுக் கூட்டாளிகளிடம் பேசுகிறான், நமக்கு எங்கே பதில் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். அவன் வாய் அசைந்துகொண்டிருக்கும்போதே திரும்பிப் படியிறங்கி, பஸ் ஏறிவிட்டாள். பஸ் பெரம்பலூரைத் தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. கூரைமேல் சுருட்டிக் கட்டியிருந்த கேபிள் வயரை ஆட்டிவிட்டால் லேக் கொஞ்சம் குறையும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. மழை ஈரத்தில் ஏறியவன் வழுக்கிச் சுவரோரம் விழுந்துகிடந்தான்.

பையோடு இறங்கி வந்தவளைத் தெரு கேள்வி கேட்கவில்லை. அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் விருந்தாளியாகப் போயிருக்கிறாள் பாவம், அதற்குள் இப்படியாகிவிட்டது என்று தெருவே பேசிக்கொண்டது. அவளும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

செத்தவன் விளையாட வந்த சேதி பரவியதும் எல்லோரும் போய் நின்றது கொளஞ்சியின் முன்னால். கொளஞ்சி 'சூரியோதயம் கேபிள்' கம்பெனியின் லைன்மேன். அந்தத் தெருவின் அத்தனை கம்பத்திலும் ஏறியவன். அவன் தலையைச் சொறிந்து, விரல்விட்டு எண்ணி, விஷயத்தைச் சொன்னான். பழமலை அண்ணன் பேசினது, ஓடினது, சுட்டது எதுவும் வீணாகிப் போகவில்லை. மழையில் லைன் நனைந்த நாளிலிருந்து எல்லாம் கிளம்பி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, வழியில் முப்பத்து மூன்று நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான். வயர் அறுந்தால் ஒட்டுப்போட ஆகுமே என்று லைன்மேன்கள் ஒவ்வொரு கூரைமேலும் நாற்பது அடி வயரை உபரியாகச் சுருட்டி வைப்பார்களில்லையா, அண்ணன் வீட்டுக் கூரைமேல் அந்தச் சுருள் கொஞ்சம் பெரிசு, அதற்குள் சுற்றிச் சுற்றி வருகிறது போல.

தெருவுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பட்டது. அரசாங்க மனுவுக்கே மூன்று மாதம் ஆகிறபோது மனுஷன் பேச்சுக்கு முப்பத்து மூன்று நாள் ஒன்றும் அதிகமில்லை என்று சொல்லிவிட்டு, சாவுக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திருப்பி அனுப்பாமல் கறிக்கடை முன்னால் வரிசையாகப் போட்டுக்கொண்டது.

அதிலிருந்து தினமும் ஐந்தரை மணிக்கு அருளப்பன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, கோழி எடைபோடும் தராசுத் தட்டில் சாய்த்து வைப்பான். முதல் நாள் பதினோரு பேர். வாரக் கடைசியில் நாற்காலி போதாமல் திருப்பிப்போட்ட கோழிக்கூண்டுகளில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் ஐந்து மணிக்கே பாலை ஏற்றினார். பழமலை தீவில் ஓடினான், ஒளிந்தான், சுட்டான். அவன் சுடுவதெல்லாம் முப்பத்து மூன்று நாளைக்கு முந்தைய எதிரிகளை. அவர்கள் போய் எவ்வளவோ நாளாகிவிட்டதால் குண்டு வெறும் புதர்களில் போய்ப் பட்டது. இன்றைக்கு இருக்கும் எதிரிகளோ அவன் கண்ணில் படுவதில்லை. ஆகவே அருளப்பனும், கோலாலம்பூரில் காவலாளியாக இருக்கும் மூன்றாவது கூட்டாளியும், கோவையிலிருந்து ஆடும் நான்காமவரான தபால்காரரும் அவனைச் சுற்றி வேலி மாதிரி நின்று, அவனுக்கு வரும் குண்டையெல்லாம் தாங்கள் வாங்கி, நாளுக்கு நாற்பது தடவை செத்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் விளையாட்டுக்குள்ளும் பரவியது. எங்கெங்கிருந்தோ முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் வந்து இறங்கி, அவனைப் பார்த்ததும் சுடாமல் ஓரமாக நின்றார்கள். பதினாறாம் நாள் காரியத்தன்று தென்னைமரத்தடியில் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், குவியலாகக் கிடந்தது.

தெரு அவன் பேச்சுக்குப் பழகிக்கொண்டது. "மழை வரும்போலருக்குடா" என்று அவன் சொன்னால், வானம் பளிச்சென்று வெயிலடித்தாலும் பெண்கள் எழுந்துபோய்க் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து வந்தார்கள். "நாளைக்குத் தண்ணி வராதாம்" என்றால் குடத்தையெல்லாம் ரொப்பிவைத்தார்கள். மறுநாள் தண்ணீர் வந்தது. அதனால் நஷ்டமொன்றும் இல்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன தையல்நாயகியிடம் கிராம அலுவலகத்தில் இருந்தவர், "தினம் சாயங்காலம் பேசிக்கிட்டிருக்குற ஆளுக்கு எப்படிம்மா தர்றது? அவரு பேசி முடிக்கட்டும், வாங்க" என்று நியாயமாகத்தான் சொன்னார். அவரும் அன்று சாயங்காலம் வந்து ஒரு கோழிக்கூண்டின்மேல் உட்கார்ந்தார்.

தையல்நாயகி கடைசி வரிசையில் நிற்பாள். உட்கார் என்றால் உட்காரமாட்டாள். பழமலையின் குரலுக்குப் பின்னால், மெல்லிசாக, அவள் வீட்டின் சத்தங்களும் வந்தன. குக்கர் விசில் அடித்தது. மிக்ஸி ஓடியது. கதவு கிறீச்சிட்டது. ஒருநாள் அவளுடைய குரலே வந்தது: "அந்தப் போன்லயே சமைச்சுச் சாப்புடுங்க, அதுலயே படுத்துத் தூங்குங்க, நான் எதுக்கு இந்த வீட்டுல?" ஐம்பது பேர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, உடனே பார்க்காத மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்குத்தான் அவளுக்கு அது உறைத்தது. எல்லாம் வருகிறதென்றால் கடைசி நாளும் வரும். கடைசி நாளென்றால், மழை, அவள் கேட்ட கேள்வி, அவன் வாய் அசைந்தது. கூரைக்குக் கீழே நின்றவளுக்குக் கேட்காமல் போனாலும், வாயருகே இருந்த மைக்குக்குக் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் ஒரு தேதிமேல் கண்மையால் புள்ளி வைத்தாள். எரித்த நாளிலிருந்து முப்பத்து மூன்றாவது நாள். அதற்கப்புறம் அவள் காலையில் எழுந்ததும், உலை வைத்ததும், தட்டைக் கழுவியதும் அந்தப் புள்ளிக்காகத்தான். ஒருவேளை அவன் பேசியது கூட்டாளிகளிடம்தான் என்றால், அவள் போனதில் தப்பில்லை. ஒருவேளை போ என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டானே. போகாதே என்று சொல்லியிருந்தால்? சொல்லச் சொல்ல அவள் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தால்? அதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும், கேட்காமல் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இன்னும் முப்பது நாற்பது வருஷம் நடமாட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? சொன்னால் அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு போனதையும் சொல்லவேண்டும். தெருவே கூடியிருந்து ஸ்பீக்கரில் கேட்பதற்கு முன்னால், அருளப்பனிடம் அந்த ஒருநாள் மட்டும் போனை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று யோசித்து வைத்திருந்தாள். இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று போய்க்கொண்டிருந்தாள்.

இருபது நாளுக்கு மேல் பழமலையின் பேச்சு மாறியது. அவன் உயிரோடிருந்தபோதே அருளப்பன் நேரில் சொல்லியிருந்தான், நீ பேசுறது ஒண்ணும் வரலடா, மரம் மாதிரி நிக்கிறே என்று. அது தெரிந்தும் அவன் போனை வைக்கவில்லை. யாருக்கும் கேட்காது என்று தெரிந்தபிறகுதான் அவனுக்கு வாய் திறந்தது போல. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தீவின் கடற்கரையில் மேலும் கீழும் நடந்தபடி, ரெண்டு மணி நேரமும் தன்பாட்டுக்குப் பேசினான்.

"லாரிக்காரனுங்க என்னைய மேடைன்னுதான் கூப்புடுறானுங்க, பேரு தெரியாது எவனுக்கும்."

"இருமுனா எச்சி வெள்ளையா வருது. சுண்ணாம்பு. தையலுகிட்ட சொல்லல."

"திருப்பூரு போலாங்குறா. போனா அவ பொழைச்சுக்குவா. நான் அங்க போயி என்ன பண்றது, துணி மடிக்கிறதா? அதச் சொன்னா கோழைங்குவா. சொல்லணும். ஒருநா உக்கார வச்சி எல்லாத்தையும் சொல்லணும்."

ஐம்பது பேருக்கு நடுவில் தன் புருஷன் தன்னைப் பற்றிப் பேசுவதை அவள் நின்று கேட்டாள். பதினொரு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்து கேட்காததை, செத்தபிறகு கோழித்தராசிலிருந்து கேட்கவேண்டியிருக்கிறதே என்று கோபம் வந்தது, அழுகை வந்தது, இன்னும் பத்து நாள், இன்னும் எட்டு நாள் என்று ஒரு கேடுகெட்ட ஆசையும் வந்தது.

அநேகமாகத் தினமும் நடுவில் ஒரு தடவை பழமலை கொளஞ்சியைக் கூப்பிடுவான். கம்பெனிக்கு அவன் போட்ட போன்களின் ஒருபக்கப் பேச்சு அது.

"கொளஞ்சி, நான் பழமலை பேசுறேன்யா. இன்னிக்கும் லேக்குதான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்யா, நூறு தடவ பண்ணிட்டேன். ஒரு எட்டு வந்து பாரு சாமி. சரி. சரி, நாளைக்கு வா."

அந்த இடம் வந்ததும் ஐம்பது தலைகளும் கொளஞ்சி பக்கம் திரும்பும். அவன் நாற்காலிகளுக்குப் பின்னால், கம்பத்தில் சாய்ந்து, இடுப்பில் கட்டிய கருவிப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த முப்பத்து மூன்று நாளில் இருபத்தாறு தடவை அண்ணன் கூப்பிட்டிருந்தார். இருபத்தாறு தடவையும் நாளைக்கு வர்றேண்ணே என்று அவன் சொல்லியிருந்தான். மழைக்காலத்தில் லைன்மேனுக்கு ஊரெல்லாம் அறுந்துதான் கிடக்கும், அவனும்தான் என்ன செய்வான். ஆனால் செத்தவன் வாயிலிருந்து தினமும் தன் பேரைக் கேட்கிறவனுக்கு அந்தச் சமாதானமெல்லாம் எங்கே எடுபடும்? அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் மனைவி தையல்நாயகியிடமே வந்து சொன்னாள்.

"அன்னிக்கு வந்து பாத்துருந்தா அண்ணன் கூரைமேல ஏறியிருக்கமாட்டாருல்ல அண்ணி," என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி," என்றாள் அவள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறு நாள் இருக்குது தம்பி, அந்த லைன்மேல ஒரு காக்காகூட உக்காராம பாத்துக்கங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள்.

அங்கே செத்தவனுக்கு முப்பதாம் நாள் கும்பிடுவது வழக்கம். அன்றைக்கு இலை போட்டு, உயிரோடிருந்தபோது அவன் எதற்கெல்லாம் ஆசைப்பட்டானோ அதையெல்லாம் தெருக்காரர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து படைக்கவேண்டும். ஒரு ஆசை மிச்சம் இருந்தாலும் அவன் வாசலிலேயே நிற்பான் என்பார்கள். தையல்நாயகி ஆட்டுக்கறிக் குழம்பும் நெத்திலிக் கருவாடும் இட்லியும் படைத்தாள். அருளப்பன் ஈரல் வறுவலும் ஒரு பாக்கெட் சிகரெட்டும் கொண்டுவந்தான். டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. கோலாலம்பூர்க்காரன் விளையாட்டுக்குள்ளேயே தங்கநிறச் சட்டை ஒன்று வாங்கிப் பழமலையின் ஆளுக்குப் போட்டுவிட்டிருந்தான். அதை அருளப்பன் இலைக்கு முன்னால் போனைத் திறந்து காட்டினான். எல்லோரும் வந்திருந்தார்கள். கொளஞ்சி மட்டும் வரவில்லை.

அவன் விடியற்காலையிலேயே கம்பெனிக் கிடங்கிலிருந்து புது வயர் எடுத்து வந்து, தெருமுனையிலிருந்து பதினோரு கம்பம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை ஆண்களில் சிலர் பார்த்திருந்தார்கள். எதற்கென்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள் என்றான். ஆளுக்கொரு கம்பத்துக்கு ஏணி பிடித்தார்கள். பழமலை ஆசைப்பட்டுக் கடைசிவரை கிடைக்காமல் போனது கருவாடா, சிகரெட்டா? எல்லோருக்கும் தெரியும் அது என்னவென்று.

ஐந்தே காலுக்கு அவளை அழைத்துப்போய், முதல்முறையாக முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். எதற்கு இத்தனை மரியாதை என்று அவளுக்குப் புரியவில்லை. ஐந்தரைக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கொளஞ்சி ஓடிவந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு, சட்டை முழுக்கச் சிமெண்ட் புழுதி, தோளில் மாலை மாதிரி ஒரு பழைய கறுப்பு வயர்ச் சுருள். முகம் மட்டும் ஒரு மாதமாக இல்லாத தெளிவோடு இருந்தது.

"அண்ணி, அண்ணன் கேட்டத செஞ்சுட்டேன்," என்றான். "புது லைனு. பெட்டிலேருந்து நேரா இழுத்துட்டேன். கூரைமேல இருந்த சுருளயும் அவுத்துட்டேன். உள்ள இருந்தது எதுவும் வீணாப்போவல, முனைய புது லைன்ல சேத்துத்தான் அவுத்தேன். இனிமே லேக்கே இருக்காது."

அவள் அந்தச் சுருளைப் பார்த்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். "தம்பி," என்று ஆரம்பித்தாள்.

தராசுத் தட்டில் போன் வெளிச்சமானது. தங்கச்சட்டை போட்ட பழமலை தென்னைமரத்தடியில் நின்றான். பிறகு, கண்ணை இமைத்து எடுப்பதற்குள், அவன் தீவின் எல்லா இடத்திலும் இருந்தான். பாறைமேல், கடலோரம், கூரைமேல், புதருக்குள், ஓடினான், விழுந்தான், எழுந்தான், செத்தான், திரும்பவும் வந்தான். மூன்று சாயங்காலமும் இந்தச் சாயங்காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து முடிந்தன. ஸ்பீக்கரில் ஒரே ஒரு சத்தம் வந்தது. காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டால் வருமே, அவ்வளவுதான், அவ்வளவு நேரம்தான். அதற்குள் மழை இருந்தது. அவள் கேள்வி இருந்தது. நெடுநேரம் அசைந்த அவன் வாய் இருந்தது.

பழமலை அசையாமல் நின்றான். பிறகு அந்த இடத்தில் தென்னைமரம் மட்டும் இருந்தது. 'பழமலை ஆட்டத்தை விட்டு வெளியேறினார்' என்று திரையில் ஒரு வரி வந்து போனது. மேல் மூலையில் ஒரு மாதமாகச் சிவப்பில் எரிந்துகொண்டிருந்த, லேக்கைக் காட்டும் எண் பச்சையாகி நின்றது.

"லைன் சுத்தமா இருக்குண்ணே," என்றது கோலாலம்பூர்க் குரல், நீரில் கழுவியெடுத்த மாதிரித் தெளிவாக.

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, அண்ணன் நிம்மதியாகப் போய்விட்டார், வாசலில் நிற்க வேலையில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யாரும் எதையும் பதிவுசெய்து வைத்திருக்கவில்லை; செய்யவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? கொளஞ்சி அவள் காலடியில் உட்கார்ந்து, சுருளை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை மாதிரி அழுதான்.

"சரியாச் செஞ்சனா அண்ணி?"

அவள் அவன் தலையைப் பார்த்தாள். வகிடெல்லாம் சிமெண்ட் வெள்ளை. இவனை என்ன சொல்வது? பாழாய்ப்போனவனே என்று அவன் தலைமயிரைப் பிடித்து உலுக்கவேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் அந்தத் தெருவில் அவளுக்குச் செய்தவன் அவன் ஒருவன்தான், அவளுக்கு ஒன்றும் வைக்காமல் செய்தவனும் அவன்தான். ரெண்டும் ஒரே காரியமாக இருந்தால் ஒருத்தி எதைச் சொல்லித் திட்டுவாள்?

"நல்லாச் செஞ்சீங்க தம்பி," என்றாள்.

மறுநாள் நாற்காலிகளை வாடகைக் கடைக்காரர் ஏற்றிப்போனார். கோழிக்கூண்டுகளில் திரும்பவும் கோழிகள் வந்தன. மழை வரும் என்று சொல்ல ஆளில்லாததால் அதற்கடுத்த நாள் கொடியில் கிடந்த துணிகள் நிஜமழையில் நனைந்தன. கிராம அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அவர் பேசி முடிச்சிட்டாராமே என்று உறுதிசெய்துகொண்டு, சான்றிதழை வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

காலண்டரில் கண்மைப் புள்ளி வைத்திருந்த நாள் வந்தது. தையல்நாயகி அன்றைக்குச் சமைக்கவில்லை. ஐந்தரை மணிக்கு அதே புடவையைக் கட்டிக்கொண்டு, அதே பையை எடுத்துக்கொண்டு, அதே அறை வாசலில் போய் நின்றாள். மழை இல்லை. கூரை வாயைத் திறக்காமல் கிடந்தது. யார் எவ்வளவு மெல்லப் பேசினாலும் கேட்டிருக்கும். அலமாரிமேல் ரவுட்டரில் நாலு பச்சை விளக்கும் சீராக மின்னிக்கொண்டிருந்தன.

"நான் போறதா, இருக்கறதா," என்று அவள் கேட்டாள்.

நின்றாள். அன்றைக்கு நிற்காத நேரத்தையும் சேர்த்து நின்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கொளஞ்சி. லைன் போட்ட மூன்றாவது நாள் போய்ப் பார்ப்பதாக அண்ணனுக்கு மனசுக்குள் வாக்குக் கொடுத்திருந்தான், நாளைக்கு என்று தள்ளிப்போடக்கூடாது என்று ஓடி வந்திருந்தான். உள்ளே வராமல், படியிலேயே நின்று கேட்டான்.

"லைன் எப்படிருக்கு அண்ணி? லேக் எதுவும் வருதா?"

"இல்ல தம்பி," என்றாள் அவள், பையைக் கீழே வைக்காமல். "ஒண்ணும் வரல."